நடுவிலே ஒரு பாஷை

புதுச்சேரியில் 1716-ம் ஆண்டு ஒரு வழக்கு நடந்தது. மாட்டிக்கொண்டவர் லேசுப்பட்ட ஆசாமி அல்ல. நைனியப்பப் பிள்ளை. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷி. துணி, பணம், கூலியாள் என்று ஊரின் கொடுக்கல் வாங்கல் முக்கால்வாசி அவர் கை வழியாகத்தான் போகும். அப்பேர்ப்பட்டவரைக் கொடுமைக்காரர், கலகத்தைத் தூண்டியவர் என்று சொல்லி கவர்னர் எபேர் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்.

சாட்சிகள் வந்தார்கள். தமிழில் சொன்னார்கள். நீதிபதிகளுக்கோ தமிழ் தெரியாது. என்ன செய்வது? மனுவேல் என்கிற உள்ளூர்க் கிறிஸ்தவர் தமிழைப் போர்த்துகீசியத்தில் மாற்றிச் சொன்னார். கோர்தியே என்ற பிரெஞ்சுக்காரர் அந்தப் போர்த்துகீசியத்தைப் பிரெஞ்சாக்கினார். பிரெஞ்சில் எழுதிய காகிதத்தில் சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். தாங்கள் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பார்க்க அவர்களால் முடியாது.

தீர்ப்பு: கடைவீதியில் ஐம்பது சாட்டையடி, மூன்று வருஷம் சிறை, அப்புறம் நாடு கடத்தல். நாடு கடத்தும் வேலை மிச்சம். 1717-ல் பிள்ளை சிறையிலேயே செத்துப்போனார்.

இருக்கட்டும். தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நடுவே போர்த்துகீசியம் எதற்கு வந்தது?

அன்றைக்குச் சோழமண்டலக் கரை முழுக்க அதுதான் பொதுப் பாஷை. போர்த்துகீசியர்களின் அதிகாரம் தேய்ந்த பிறகும் அவர்கள் பாஷை மட்டும் போகவில்லை. ஆங்கிலேயக் கம்பெனிக்கு 1698-ல் கொடுத்த சாசனத்திலேயே, இந்தியாவுக்கு வரும் பாதிரிமார்கள் ஒரு வருஷத்துக்குள் போர்த்துகீசியம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. காரணம் சிம்பிள். இந்தப் பக்கம் தமிழ், தெலுங்கு, பாரசீகம். அந்தப் பக்கம் பிரெஞ்சு, ஆங்கிலம், டச்சு, டேனிஷ். ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக மொழிபெயர்ப்பாளர் என்றால் பன்னிரண்டு விதமான ஆள் வேண்டும். நடுவில் ஒரு பொதுப் பாஷை இருந்தால் ஏழு விதம் போதும்.

இந்த ஏழு, பன்னிரண்டு கணக்கு கம்ப்யூட்டர் உலகத்தையும் ஒரு காலத்தில் பாடாய்ப் படுத்தியது.

கம்ப்யூட்டருக்கு நாம் எழுதும் புரோகிராம் நேரடியாகப் புரியாது. ஒவ்வொரு கம்பெனி சிப்புக்கும் ஒவ்வொரு எந்திர மொழி. நம் எழுத்தை அந்த மொழிக்கு மாற்றித் தரும் துபாஷிக்குக் கம்பைலர் என்று பெயர். புது எந்திரம் ஒன்று வந்தால் புதுக் கம்பைலர் ஒன்று எழுதியாக வேண்டும். அது எழுதி முடிப்பதற்குள் அடுத்த எந்திரம் வந்துவிடும்.

சூரிச்சில் இருந்த பேராசிரியர் நிக்லாஸ் விர்த், 1970-ல் பாஸ்கல் என்ற மொழியை வெளியிட்டவர். எல்லா ஊர்க்காரர்களும் அதைக் கேட்டார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சமைத்துப் போட முடியுமா? அவருடைய குழு ஒரு யோசனை செய்தது. எங்குமே இல்லாத ஒரு கற்பனை எந்திரத்தை வைத்துக்கொள்வோம். கம்பைலர் அந்த எந்திரத்தின் பாஷைக்கு மாற்றிக் கொடுக்கட்டும். அதற்குப் பீ-கோட் என்று பெயர். வாங்கிக்கொண்டு போகிறவர் தன் கம்ப்யூட்டரில் அந்தக் கற்பனை எந்திரம் மாதிரி நடிக்கிற சின்ன புரோகிராம் ஒன்றை மட்டும் எழுதிக்கொண்டால் போதும். வேலை முடிந்தது!

அந்தக் கம்பைலரின் விளக்கக் குறிப்புகளை எழுதியவர்களில் முதலில் வருகிற பெயர் கேசவ் நோரி. நம்மூர்க்காரர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். பின்னாளில் டாடாவின் புனே ஆராய்ச்சி மையத்தில் இருந்தார்.

அடுத்த காட்சி அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். ராஜ் ரெட்டி அங்கே பேராசிரியர். சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சென்னை கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் 1958-ல் சிவில் படித்து முடித்தவர். பிற்பாடு, 1994-ல், கம்ப்யூட்டர் துறையின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருது வாங்கினார். அவரிடம் பெர்க் என்ற ரகத்தில் சில கம்ப்யூட்டர்கள் இருந்தன. பீ-கோட் வகைப் பாஷை பேசுபவை. அதில் எழுதியதையெல்லாம் வாக்ஸ் என்ற வேறு எந்திரத்தில் ஓட்ட வேண்டும். வேலை ஒரு மாணவர் தலையில் விழுந்தது. அவர் பெயர் ஜேம்ஸ் காஸ்லிங். மூலப் புரோகிராம்களைத் தொடவே இல்லை மனுஷன். நடுப் பாஷையை மட்டும் எடுத்து வாக்ஸ் பாஷைக்கு மாற்றினார். பிரமாதமாக ஓடியது.

அது அவர் மனசில் தங்கிவிட்டது. 1991-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் டி.வி. பெட்டி முதலான வீட்டுச் சாமான்களுக்காக ஒரு மொழி உருவாக்க உட்கார்ந்தபோது கைகொடுத்தது. பெட்டிக்குப் பெட்டி சிப் மாறும். சிப்புக்குச் சிப் கம்பைலர் எழுதவா? வேண்டாம், பழைய வித்தையே போதும். முதலில் ஓக் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு ஏற்கெனவே வேறு சொந்தக்காரர் இருந்ததால் ஜாவா ஆனது. 1995 மே 23-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள்.

ஜாவா படித்தவர்களுக்கு அந்தக் கறுப்புத் திரை ஞாபகம் இருக்கும். ஜாவா-சி என்று தட்டி, பக்கத்தில் ஃபைல் பெயரைத் தட்டி, என்டர். பிழை இருந்தால் திட்டு விழும். இல்லையென்றால் ஒரு வார்த்தை பேசாது. ஆனால், டைரக்டரியில் புதிதாக ஒரு கிளாஸ் ஃபைல் முளைத்திருக்கும். உள்ளே இருப்பதுதான் பைட்கோட். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பைட். இரண்டு முழு எண்களைக் கூட்டு என்பதற்கு 96. இன்டெல்லிலும் 96, மொபைல் சிப்பிலும் 96. ஜாவா எந்திரம் என்கிற நடிகர் அந்தந்த இடத்தில் அதைப் புரிந்துகொண்டு நடத்திவைப்பார். பாண்டிச்சேரியில் தட்டியதை பாரிஸில் அப்படியே ஓட்டலாம்.

இன்னொரு சமாச்சாரம். ஒவ்வொரு கிளாஸ் ஃபைலும் கஃபே பேப் என்ற எட்டு எழுத்தில்தான் தொடங்கும். பதினாறடிமான எண்கள் அவை. குழுவினர் சாப்பிடப் போகும் ஒரு கடைக்குத் தங்களுக்குள் கஃபே டெட் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அந்த எழுத்துகளே எண்களாகவும் இருப்பதைக் கவனித்த காஸ்லிங், அதே மாதிரி இன்னொன்று தேடிப்பிடித்தது இது.

சரி, நைனியப்பப் பிள்ளைக்கு வருவோம். நடுப் பாஷையில் சௌகரியம் எவ்வளவோ ஆபத்தும் அவ்வளவு. மனுவேல் என்ன சொன்னார் என்று சாட்சிக்குத் தெரியாது. சாட்சி என்ன சொன்னார் என்று நீதிபதிக்குத் தெரியாது. நடுவில் இருப்பவரை எல்லோரும் நம்பியே ஆகவேண்டும்.

ஜாவாக்காரர்கள் நம்பவில்லை. இதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். ஊர் பேர் தெரியாதவர் அனுப்பிய பைட்கோட் நெட்வொர்க் வழியாக வரும். ஒழுங்கான கம்பைலர் செய்ததா, வேண்டுமென்றே கோணலாகச் செய்ததா, யார் கண்டது? எனவே ஓட்டுவதற்கு முன் வெரிஃபையர் என்கிற காவல்காரர் அதைச் சோதிக்கிறார். எண் இருக்கவேண்டிய இடத்தில் வேறு ஏதாவது இருக்கிறதா, தாவச் சொல்லும் இடம் எல்லைக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்கிறார். தப்பு என்றால் வாசலிலேயே நிறுத்தம். கம்பைலர் உத்தமர் என்ற நம்பிக்கையின் மேல் அங்கே எதுவும் கட்டப்படவில்லை.

வெரிஃபையருக்குப் பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரியாது. அமைப்பு சரியா என்று மட்டும்தான் பார்ப்பார். உள்ளே என்ன சொல்லியிருக்கிறது என்று தெரிய, மனுஷன்தான் படித்துப் பார்க்கவேண்டும். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஜாவா-பி என்று இன்னொரு கட்டளை. அதைத் தட்டினால் நடுப் பாஷையை நாம் வாசிக்கும்படி வரிவரியாக விரித்துக் காட்டிவிடும். நான் எழுதியதும் அது எழுதியதும் ஒன்றுதானா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

புதுச்சேரியிலும் சரிபார்த்தார்கள். பிள்ளையின் பிள்ளைகள் பிரான்சுக்கு மனு மேல் மனு அனுப்பினார்கள். மூத்தவர் குருவப்பா பாரிஸுக்கே போனார். கடைசியில் தீர்ப்பு ரத்தானது. கவர்னர் எபேர் கைதாகிக் கப்பலேறினார். குருவப்பா அப்பாவின் உத்தியோகத்தோடு ஊர் திரும்பினார். பல வருஷம் கழித்து அதே நாற்காலிக்கு இன்னொரு உறவினர் வந்தார். நைனியப்பரின் மைத்துனர் மகன். தினமும் நடந்ததையெல்லாம் தமிழில், தன் சொந்தக் கணக்குக்காக எழுதிவைத்தார். ஆம், டைரி புகழ் ஆனந்தரங்கப் பிள்ளையேதான்.

ஆனால், நைனியப்பர் திரும்பி வரவில்லை. ஓட்டுவதற்கு முன்னால் சரிபார்ப்பதற்கும் ஓடி முடிந்த பிறகு சரிபார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.