ஒரே டிரக், இரண்டு எண்கள்

2019ஆம் ஆண்டு ராம் 2500 பிக்கப் டிரக்கின் 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சினுக்கு நிறுவனம் அறிவித்த கணக்கு 370 குதிரைத்திறன், 850 பவுண்டு-அடி டார்க். அமெரிக்காவில் இந்த டிரக்கை, சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டுப் பலத்தை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றிப் பார்ப்பவர்களுக்கு, ஒரு பட்டறை தரும் தாளும் அடுத்த பட்டறை தரும் தாளும் ஒத்துப்போவது அரிது. டைனோஜெட் தாராளமாகக் காட்டும், மஸ்டாங் இறுக்கிப் பிடிக்கும் என்பது அங்கே பரவலான பேச்சு. (இந்த மஸ்டாங் ஃபோர்டின் கார் அன்று, ஒஹாயோவில் தயாராகும் டைனோ.) எது உண்மை சொல்கிறது என்பதைவிட, எது எதை அளக்கிறது என்று பார்ப்பதே பயனுள்ளது.

சுமை பூட்டாத டைனோஜெட்டில் கனத்த எஃகு உருளை மட்டுமே உண்டு. அதைச் சுழற்ற எவ்வளவு பலம் வேண்டும் என்பது இயந்திரத்துக்கு முன்பே தெரியும். எவ்வளவு விரைவில் அது வேகம் பிடிக்கிறது என்று பார்த்துக் குதிரைத்திறனைக் கணக்கிடுகிறது. மஸ்டாங்கின் உருளையோடு மின்காந்த பிரேக் இணைந்திருக்கிறது. அந்த பிரேக் எவ்வளவு விசையோடு திமிறுகிறது என்பதை ஓர் உணரி எடைபோடுகிறது. முன்னது கடிகாரத்தை நம்புகிறது. பின்னது தராசை நம்புகிறது.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பல விளைகின்றன. உரிமையாளர் ஆசைப்பட்டு 37 அங்குல டயர் மாட்டுகிறார் என்று கொள்வோம். கனமான சக்கரத்தை வேகப்படுத்தவே எஞ்சினின் பலத்தில் ஒரு பங்கு செலவாகிவிடுவதால், டைனோஜெட் தாளில் எண் இறங்கும். வேகத்தை ஒரே நிலையில் நிறுத்தி மஸ்டாங்கில் அளந்தால் அந்த இழப்பு பெரும்பாலும் தெரியாது. சீராகச் சுழலும் சக்கரத்தை மேலும் வேகப்படுத்த வேண்டியதில்லை. எஞ்சின் மாறவில்லை, இரண்டு இயந்திரங்களும் பொய் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் சட்டென்று வேகமெடுக்கும்போது ஓட்டுநர் உணர்வதை ஒன்று சொல்கிறது. டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரே வேகத்தில் மேடு ஏறும்போது உணர்வதை மற்றது சொல்கிறது.

டர்போவிடம் வந்தால் ஒப்பீடு இன்னும் சுவையாகிறது. டைனோஜெட்டின் உருளை இந்த எஞ்சினின் பலத்துக்கு விரைவாகவே வேகம் பிடித்துவிடும். டர்போ முழு அழுத்தத்துக்கு வருவதற்குள் 1,700 ஆர்பிஎம் கடந்துவிட, அங்கே இருக்கவேண்டிய உச்ச டார்க் முழுமையாகப் பதிவாவதில்லை. மஸ்டாங் அதே 1,700இல் டிரக்கைப் பிடித்து நிறுத்தி, டர்போவுக்கு வேண்டிய அவகாசம் தரும். ஆனால் அந்த அவகாசம் நீண்டால் சூடு ஏறுகிறது. முன்னால் நிற்கும் மின்விசிறி சாலைக் காற்றுக்கு ஈடாகாது. இன்டர்கூலரில் வெப்பம் தேங்க, எஞ்சினின் கணினி பலத்தைக் குறைத்துக்கொள்ளக்கூடும். நேரம் போதாமல் ஒன்று குறைத்துக் காட்டுகிறது. நேரம் மிகுந்து மற்றது குறைத்துக் காட்டுகிறது. இரண்டு பட்டறைகளில் ஒரே எண் தற்செயலாகக் கிடைத்தால்கூட, காரணம் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை.

இவ்வளவு விலகி நிற்பவை எதிர்பாராத இடத்தில் உறவாகின்றன. டீசல் டிரக் வைத்திருப்பவர்கள் பெருமையாகச் சொல்வது டார்க் எண்ணைத்தான். ஆனால் இரண்டு டைனோக்களுமே எஞ்சினின் டார்க்கை நேரடியாக அளப்பதில்லை. உருளையின் வேகத்தையும் விசையையும் கொண்டு குதிரைத்திறனை அவை எஞ்சினைக் கேட்காமலே கண்டுவிடும். அதை 5,252ஆல் பெருக்கி எஞ்சினின் ஆர்பிஎம்மால் வகுத்தால்தான் டார்க் வரும். அந்த ஆர்பிஎம் எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கம்பியில் ஒரு கிளிப்பை மாட்டி எடுக்கலாம். டீசலில் பிளக்கே இல்லை. ஆகவே வண்டியின் கணினியிடமிருந்து பெறவேண்டும், அல்லது உருளையின் வேகத்தையும் கியர் விகிதத்தையும் வைத்து மதிப்பிடவேண்டும். உண்மையில் 1,700 ஆக இருப்பதை 1,600 என்று எடுத்துக்கொண்டால், 800 பவுண்டு-அடி தாளில் 850 ஆகிவிடும். குதிரைத்திறன் இம்மியும் மாறாது. டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் வழுக்கினால் வரைகோட்டின் இடது முனையில் ஒரு கூர்முகடு எழும். அதை எஞ்சினின் உச்ச டார்க் என்று எடுத்துக்கொள்பவர்கள் இரண்டு பட்டறைகளிலும் உண்டு.

சரிபார்க்க எளிய வழி, எஞ்சினின் இரண்டு உச்சங்களையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது. 850 பவுண்டு-அடி 1,700 ஆர்பிஎம்மில் கிடைத்தால் அங்கே குதிரைத்திறன் 275தான். 370 குதிரைத்திறன் 2,800இல் வருகிறது என்றால் அங்கே டார்க் 694ஆக இறங்கியிருக்கும். சக்கரத்தில் அளந்த தாளில் எண்கள் இதைவிடச் சிறியவை. ஆனால் எந்த இயந்திரம் அச்சிட்டாலும் வரைகோடு இந்த வடிவத்தை ஒட்டியிருக்கவேண்டும். இல்லையென்றால் ஆர்பிஎம் பதிவைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

மனிதக் கை புகும் இடத்திலும் இவை இரண்டும் ஒரே குடும்பம். மஸ்டாங்கை இயக்குபவர் வண்டியின் எடையையும் காற்றின் தடைக்கான ஓர் எண்ணையும் உள்ளிடவேண்டும். டைனோஜெட்டில் அந்தத் தொல்லை இல்லை, மூன்று டன் டிரக்கும் சிறு காரும் அதற்கு ஒன்றே. ஆனால் அங்கும், காற்றின் நிலைக்கு ஏற்ப எண்ணைச் சரிசெய்யும் திருத்தக் காரணியைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர் இருக்கிறார். ‘எஸ்டிடி’ என்ற பழைய முறையைத் தேர்ந்தால் எண், ‘எஸ்ஏஇ’ முறையைவிட ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாகவே வரும்.

கடல்மட்டத்துக்கு 1,600 மீட்டர் மேலே இருக்கும் டென்வரில் இந்தக் காரணி 20 சதவீதம் வரை போகும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது நியாயம். டர்போவோ இன்னும் வேகமாகச் சுழன்று, மெல்லிய காற்றின் குறையைப் பெருமளவு தானே ஈடுகட்டிவிடுகிறது. அப்படியிருக்க, சக்கரத்தில் உண்மையாகக் கிடைத்த 300 குதிரைத்திறன் தாளில் 360 ஆவது, இழக்காத பலத்தைத் திருப்பித் தருவதாகும். இந்த ஒன்றில் தாராளமான டைனோஜெட்டும் இறுக்கமான மஸ்டாங்கும் ஒரே அளவு பிழைபடுகின்றன. டென்வரில் டீசல் டிரக்கை அளப்பவர், எந்த உருளையில் ஏற்றினாலும், திருத்தப்படாத எண்ணையும் சேர்த்து அச்சிடச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும்.