பாட்டனாரின் சுருட்டு

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குச் செல்லும் சாலையில் உள்ளது உலு திராம். ஒருகாலத்தில் இவ்வூரைச் சூழ்ந்து நின்றவை ரப்பர்க் காடுகள். அவற்றுள் ஒன்றில் பால்வெட்டிப் பிழைத்தவர் என் பாட்டனார். அவரை நினைக்குந்தோறும் முதலில் என் நெஞ்சில் எழுவது அவருடைய முகமன்று, சுருட்டின் மணமே. கோழி கூவுமுன் லயத்தை எழுப்புவதும் அவருடைய இருமல்தான்.

தோட்டத்துத் துரை சுங்கானை வாயில் கவ்வியபடியே பிரட்டுக் களத்தில் நிற்பாராம். அவர் தலை தெரிந்ததும் பாட்டனார் சுருட்டை அணைத்து மடியில் செருகிக்கொள்வாராம். இருவரையும் ஆண்டது ஒரே இலை. எனினும் ஒருவர் புகைக்கலாம், மற்றவர் மறைக்கவேண்டும்.

அவ்விலை நம் மண்ணுக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிப் போர்த்துகீசியர் வழியே இந்தியக் கரையை அடைந்தது. ஆதலின் சங்க நூல்களில் அதனைத் தேடிப் பயனில்லை. ஆயினும் பிற்காலத்துச் சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூது விடுத்துப் 'புகையிலை விடு தூது' பாடினார். உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தார். இவ்விலை பற்றி ஒரு கதையும் உண்டு. சிவபெருமானிடம் இருந்த வில்வம் கங்கையிலும், திருமாலிடம் இருந்த துளசி பாற்கடலிலும் போயினவாம்; நான்முகனிடம் இருந்த இலை மட்டும் அவர் நாவில் உறையும் கலைமகளிடம் தங்கியதால் 'போகையிலை' ஆயிற்றாம்! மாணவர்கள் இதனைச் சுவைக்கலாம். சொல்லாராய்ச்சி என நம்பிவிடலாகாது.

ஆங்கிலத்தின் 'செரூட்' என்னும் சொல் நம் 'சுருட்டு' என்பதன் வழிவந்ததே. திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் புகழ் கடல் கடந்தது. 1887-இல் வெளிவந்த கோனன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டே அது திருச்சிச் சுருட்டு என்று கண்டுகொள்கிறார். மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்திராவின் டெலிப் பகுதியில் 1863-இல் டச்சுக்காரர் நியென்ஹுய்ஸ் புகையிலைப் பயிரைத் தொடங்கினார். பின்னர் அங்குப் பெருகிய தோட்டங்களில் சீனரோடும் சாவகரோடும் தமிழரும் உழைத்தனர். இக்கரையில் நம்மவருக்கு வாய்த்தது ரப்பர்.

பாட்டனாருக்குப் புகையிலை இன்பம் மட்டுமன்று. அதனை நீரில் ஊறவைத்துக் காலில் தடவிக்கொண்டால் அட்டை அண்டாது. கைவிளக்கோடு இருளில் மரந்தேடிச் செல்வோருக்கு அது மருந்து.

1942 சனவரி 31-இல் பிரிட்டிஷ் படை பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. ஜொகூர் முழுதும் சப்பானியர் கைக்குப் போயிற்று. ஊரிலிருந்து வந்த சுருட்டு நின்றது. நீப்பா இலையில் சுற்றிய உள்ளூர்ப் புகையிலையைப் பாதி புகைத்து, மீதியைக் காதில் செருகி மறுநாளுக்கு வைப்பாராம். அக்காலத்தில்தான் அவருடைய தம்பியைச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசென்றனர். 1943-இல் பாதை முடிந்தது. போர் முடிந்து 1945-இல் சிலர் திரும்பினர், தம்பி திரும்பவில்லை.

1964-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் புகைத்தலின் கேட்டை உலகறியச் சொன்னார். பாட்டனாருக்கு அச்செய்தி எட்டவில்லை. எட்டியிருந்தாலும் விட்டிருப்பாரோ, ஐயமே. அந்த இருமலே அவரைக் கொண்டுபோயிற்று.

அவர் பெட்டியை நாங்கள் திறந்தபோது துணிகளின் அடியில் ஒரு தகரச் சிமிழ் இருந்தது. தம்பி புறப்பட்ட நாளில் மறந்து வைத்துப்போன புகையிலைச் சிமிழ் அது என்றார் பாட்டியார். இலை மக்கித் தூளாகியிருந்தது. சுருட்டுக்கு ஏங்கிய அந்நாட்களிலும் பாட்டனார் அதில் ஓரிலையும் எடுக்கவில்லையாம்.