ரோமாபுரி மன்னர்களும் கல்லில் எஞ்சிய சொல்லும்

'ரூம்' என்னும் பெயர் நமக்குப் புதியதன்று. திருக்குர்ஆனின் 30ஆம் அத்தியாயம் அப்பெயரையே தாங்கியுள்ளது. ஆயின் அங்குச் சுட்டப்படுவது கொன்ஸ்தாந்திநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசாகும். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட காலத்தில், இத்தாலியின் தைபர் நதிக்கரையில் மன்னர்கள் ஆண்ட சிறு நகராக ரோம் விளங்கியது. அம்மன்னர்களைப் பற்றி நாம் எதனை நம்பலாம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கி.மு. 753 முதல் 509 வரை, ரொமுலுஸ் முதலாகத் தார்குவினியுஸ் சுப்பெர்புஸ் ஈறாக எழுவர் ஆண்டனர் என்பது மரபுச் செய்தி. 244 ஆண்டுகளை எழுவருக்கும் பங்கிட்டால் ஒருவருக்கு ஏறக்குறைய 35 ஆண்டுகள் வருகின்றன. அவர்களுள் இருவர் கொலையுண்டனர், ஒருவர் துரத்தப்பட்டார் என அம்மரபே கூறுவதால், இக்கணக்கு ஐயத்திற்குரியது. இச்செய்திகளை விரித்துரைத்த லிவியுஸ், இறுதி மன்னனுக்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் பிற்பட்டவர். கால் இனத்தார் நகரை எரித்தபோது பழைய ஆவணங்கள் பெரும்பாலும் அழிந்தன என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். ஹதீஸ் கலையின் வழக்கில் கூறின், இது ஸனது அறுந்த செய்தியாகும்.

எனவே, மன்னராட்சியே கற்பனை எனத் தள்ளிவிடலாமா?

1899ஆம் ஆண்டில் ஜாக்கொமோ போனி, ரோமின் பழைய பொதுவெளியான ஃபோரத்தில், கருங்கல் தளமொன்றின் கீழே மேற்பகுதி உடைந்த கல்தூண் ஒன்றைக் கண்டெடுத்தார். அதிலுள்ள எழுத்துகள் கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை. உழும் எருது சாலின் முடிவில் திரும்புவதுபோல், வரிகள் திசை மாறி மாறிச் செல்கின்றன. அச்சிதைந்த வாசகத்தில் 'ரெகெய்' என்னும் சொல் தெளிவாகவுள்ளது. 'மன்னனுக்கு' என்பது அதன் பொருள். பிற்கால லத்தீனில் அது 'ரேகீ' என்றாயிற்று. இழுவை விலங்குகளைக் குறிக்கும் 'யூமெந்தா' என்பதும் அக்கல்லில் 'யோவுக்ஸ்மெந்தா' எனப் பழைய வடிவில் காணப்படுகிறது.

குடியரசின் முதலாண்டில் கார்த்தேஜுடன் செய்யப்பட்டதாகத் தாம் கருதிய உடன்படிக்கையின் மொழியை, ரோமருள் மிகக் கற்றோரும் அரிதின் முயன்றே விளங்கிக்கொண்டனர் எனப் பொலிபியுஸ் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதினார். அத்துணைப் பழைமையான மொழியைப் பிற்காலத்தார் புனைந்திருத்தல் எளிதன்று.

அக்கல் சுட்டுவது நாடாண்ட மன்னனையன்று, 'ரெக்ஸ் சக்ரோரும்' என்னும் வேள்வி மன்னனையே எனக் கருதுவோரும் உளர். மன்னராட்சி நீங்கிய பின்னர், மன்னர் ஆற்றிவந்த சமயச் சடங்குகளுக்கென ஏற்பட்டதாக லிவியுஸ் கூறும் பதவி அது. அவ்வாறு கொள்ளினும், மன்னர் என்போர் இருந்தமையாலன்றோ அப்பெயர் நிலைத்தது?

ஆகவே, மன்னராட்சி இருந்தது என்பதற்குக் கல்லும் மொழியும் சான்றாகின்றன. எழுவரின் பெயருக்கும் ஆண்டுக்கும் அவை சான்றாகா. செய்தியின் ஒரு பகுதி பலவீனமானது என்பதற்காக முழுவதையும் மறுப்பதும், ஒரு பகுதி மெய்யானது என்பதற்காக அனைத்தையும் ஏற்பதும் நீதியாகா. ஒவ்வொரு சான்றுக்கும் அதன் எடைக்கேற்ற இடத்தை அளிப்பதே, நம் முன்னோரான முஹத்திஸ்கள் நமக்குக் கற்பித்த நெறியாகும்.