அழுகையிலிருந்து பிறந்த நகை: பில்லி வைல்டரின் திரைப்பணி

முன்னுரை

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை நிரல்படுத்துகையில் நகையை முதலிலும் அழுகையை அதனை அடுத்தும் வைக்கிறார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகைக்கு நிலைக்களன்கள். இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கும் அழுகைக்கு நிலைக்களன்கள். பிறரால் இகழப்படுதல் இளிவு. உறவும் உடைமையும் இழத்தல் இழவு. பண்டைய நிலை கெட்டு வருந்துதல் அசைவு. இலக்கணத்தில் தனித்தனியே நிற்கும் இவ்விரு தொகுதிகளும் படைப்பில் ஒன்றோடொன்று கலந்து வருவதுண்டு. அழுகைக்குரிய களன்களிலேயே நகையை விளைவித்தவர் யூத இனத்தைச் சேர்ந்த திரைக்கதை ஆசிரியரும் இயக்குநருமான பில்லி வைல்டர் (1906-2002). அவருடைய திரைப்பணியின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் புலம்பெயர்வும்

வைல்டர் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கலீசியாப் பகுதியில், இன்று போலந்தில் உள்ள சூஹா என்னும் ஊரில் 1906 ஜூன் 22 அன்று பிறந்தார். இயற்பெயர் சாமுவேல், தாய் அழைத்த செல்லப்பெயரே பின்னாளில் உலகறிந்த பெயராயிற்று. வியன்னாவில் செய்தியாளராகத் தொழில் தொடங்கிய அவர் 1926இல் பெர்லின் சென்றார். வருவாய் போதாத காலத்தில் விடுதியொன்றில் தனித்து வரும் பெண்களுடன் கூலிக்கு நடனமாடினார். அந்தப் பட்டறிவையே செய்தித்தாளில் தொடராகவும் எழுதினார். இளிவையும் வறுமையையும் எழுத்தாக்கும் போக்கு அப்பொழுதே அவரிடம் தோன்றிவிட்டது.

1930இல் வெளிவந்த 'மென்ஷன் அம் சோன்டாக்' என்னும் ஜெர்மன் மௌனப் படத்தின் எழுத்துப்பணி அவருக்குப் பெயர் தந்தது. நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாத இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பதைக் காட்டும் எளிய படம் அது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் வைல்டர் பாரிஸுக்கு வெளியேறினார். அங்கு ஒரு படத்தை மற்றொருவருடன் இணைந்து இயக்கிவிட்டு 1934இல் அமெரிக்கா சேர்ந்தார். எழுத்தையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர், தாம் எழுதும் மொழி வழங்காத நாட்டில் வந்து நின்றது அசைவு என்னும் களனுக்கு நேரிய சான்றாகும்.

எழுத்தாளர் இயக்குநரானமை

அமெரிக்காவில் நிலையாகத் தங்குவதற்கான இசைவைப் பெற வைல்டர் மெக்சிகோவின் எல்லை நகரமான மெக்சிகாலியில் காத்திருக்க நேர்ந்தது. அவரிடம் போதிய ஆவணங்கள் இல்லை. அவருடைய தொழில் யாதெனத் தூதரக அதிகாரி வினவினார்; திரைப்படம் எழுதுவது என்றார் வைல்டர். நல்ல படங்களாக எழுதுமாறு கூறி அதிகாரி கடவுச்சீட்டில் முத்திரையிட்டார். 1988இல் தால்பெர்க் விருது பெற்றபொழுது வைல்டர் இந்நிகழ்ச்சியை நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

ஆங்கிலத்தில் போதிய தேர்ச்சி இல்லாத குறையைச் சார்ல்ஸ் பிராக்கெட் என்னும் அமெரிக்க எழுத்தாளருடன் கொண்ட கூட்டு நிறைவு செய்தது. வைல்டர் தம் ஆசானாகக் கருதிய எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் இயக்கிய 'நினோச்கா' (1939) இவர்களது பங்களிப்பில் உருவான படங்களுள் சிறந்தது. லூபிட்ஷும் பெர்லினிலிருந்து சென்ற யூதரே. வெளிப்படையாகச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்தி நகைக்க வைக்கும் முறையை வைல்டர் அவரிடம் கற்றார்.

மெக்சிகோ எல்லையில் காத்துக்கிடக்கும் அகதிகளைப் பற்றிய 'ஹோல்டு பேக் த டான்' (1941) வைல்டர் வாழ்வில் திருப்பத்தை ஏற்படுத்தியது. அகதியாகிய கதைத்தலைவன் விடுதிச் சுவரில் ஏறும் கரப்பான் பூச்சியை வழிமறித்து, அதன் ஆவணங்களைக் கேட்பதாக ஒரு காட்சியை வைல்டரும் பிராக்கெட்டும் எழுதியிருந்தனர். பூச்சியுடன் பேசுவது பொருந்தாதென நடிகர் சார்ல்ஸ் போயர் மறுக்க, இயக்குநர் மிட்செல் லைசன் அக்காட்சியை நீக்கினார். நீக்கப்பட்டது வெறும் வேடிக்கையன்று. அதிகாரத்தின் முன் பூச்சியாய் நின்ற அகதியின் இளிவே அங்கு நகையாக மாறியிருந்தது. எழுதியதைக் காக்க வேண்டுமாயின் தாமே இயக்க வேண்டும் என்னும் உறுதி வைல்டருக்கு இத்தகைய பட்டறிவால் ஏற்பட்டது.

மாறுவேடமும் வறுமையும்

அமெரிக்காவில் அவர் முதன்முதலாக இயக்கிய 'த மேஜர் அண்ட் த மைனர்' (1942) படத்தில், ஊர் திரும்ப முழுக் கட்டணம் இல்லாத பெண் அரைச்சீட்டுக்காகப் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக வேடமிடுகிறாள். 'சம் லைக் இட் ஹாட்' (1959) படத்தில், வேலையின்றிக் குளிரில் வாடும் இரு இசைக்கலைஞர்கள் 1929இன் சிகாகோவில் ஒரு கூட்டுக்கொலையைக் காண நேர்கிறது. கொலைஞரிடமிருந்து தப்பப் பெண்வேடம் பூண்டு மகளிர் இசைக்குழுவில் சேர்கின்றனர்.

இவ்விரு படங்களிலும் வேடத்திற்குக் காரணம் விளையாட்டன்று. முன்னதில் வறுமை; பின்னதில் வறுமையோடு உயிரச்சம். பெயரும் தோற்றமும் மாற்றினாலன்றி வாழவியலாது என்னும் நெருக்கடியே கதையை நகர்த்துகிறது. யூதர் என்னும் சொல் இப்படங்களில் முதன்மை பெறவில்லை. எனினும் ஆவணத்தாலும் அடையாளத்தாலும் உயிர் பிழைப்பதும் அழிவதும் முடிவான ஒரு காலத்தின் சுவடு அவற்றின் கதைக்கட்டில் உள்ளது எனக் கொள்ளலாம்.

போருக்குப் பின்

'த லாஸ்ட் வீக்கெண்ட்' (1945) வைல்டருக்கு ஆஸ்கர் விருதுகளை ஈட்டித் தந்தது. அதே ஆண்டில் அவர் அமெரிக்கப் படையின் சார்பில் ஜெர்மனி சென்றார். வதைமுகாம்களில் எடுக்கப்பட்ட காட்சிகளைத் தொகுத்து ஜெர்மானியருக்குக் காட்ட உருவாக்கிய 'டெத் மில்ஸ்' என்னும் ஆவணப்படத்தின் தொகுப்பை மேற்பார்வையிட்டார். அவருடைய தாயும் பாட்டியும் மாற்றுத்தந்தையும் யூதப் பேரழிப்பில் மாண்டிருந்தனர். தாய் ஆஷ்விட்ஸ் முகாமில் இறந்ததாகவே வைல்டர் நெடுங்காலம் எண்ணியிருந்தார். 1943இல் பிளாஷோவ் முகாமில் கொல்லப்பட்டார் எனப் பிற்கால ஆய்வுகள் குறிப்பிடுகின்றன.

இத்தகைய இழவுக்கு ஆளான கலைஞர் அடுத்துச் செய்தது கருதத்தக்கது. ஜெர்மானியரைத் திருத்த ஆவணப்படங்களினும் பொழுதுபோக்குப் படமே பயன்படும் என 1945இலேயே அவர் படையதிகாரிகளுக்குக் குறிப்பு எழுதினார். அதன் விளைவாகத் தோன்றியதே இடிபாடுற்ற பெர்லினைக் களமாகக் கொண்ட 'எ ஃபாரின் அஃபேர்' (1948) என்னும் நகைச்சுவைப் படம். வென்ற அமெரிக்கரையும் தோற்ற ஜெர்மானியரையும் அது ஒருங்கே எள்ளியது. 'ஒன், டூ, த்ரீ' (1961) படத்தில், பழைய நாஜிப் பழக்கத்தால் குதிகாலைத் தட்டி நிற்கும் அலுவலர் ஒருவர் மீண்டும் மீண்டும் நகைப்புக்கு இடமாகிறார். படப்பிடிப்பின் நடுவே 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. பிராண்டன்பர்க் வாயிலின் படியை மியூனிக்கில் அமைத்துப் பணியை முடித்தனர். பிளவுண்ட நகரின் துயரத்தால் அன்று தோல்வியுற்ற அப்படம், 1985இல் மேற்கு பெர்லினில் மீண்டும் திரையிடப்பட்டபொழுது பெருவரவேற்பைப் பெற்றது. அழுகையின் அண்மையில் நகை எடுபடாது என்பதையும், காலம் கடந்தபின் அதே நகை ஆறுதலாகும் என்பதையும் இதனால் அறியலாம்.

மனிதனாதல்

வைல்டரை மனித இயல்பில் நம்பிக்கையற்றவர் எனச் சாடிய திறனாய்வாளர் உண்டு. 'தி அபார்ட்மெண்ட்' (1960) இதற்கு மறுப்பாகும். வைல்டருடன் இதனை எழுதியவர் ருமேனியாவில் பிறந்து புலம்பெயர்ந்த யூதரான ஐ.ஏ.எல். டயமண்ட். 1957 முதல் வைல்டரின் பெரும்பாலான படங்களுக்கு இவரே துணை எழுத்தாளர். பதவி உயர்வுக்காகத் தன் வீட்டுச் சாவியை மேலதிகாரிகளின் கள்ள உறவுகளுக்குக் கொடுக்கும் சிற்றலுவலனின் கதை இது. அதே வீட்டில் அவன் விரும்பிய பெண் தற்கொலைக்கு முயல்கிறாள். அவளைக் காப்பாற்றும் அண்டை வீட்டு யூத மருத்துவர், 'மென்ஷ்' ஆகுமாறு அவனுக்கு அறிவுறுத்துகிறார். மனிதன் என்று பொருள்படும் இந்த இத்திஷ் சொல், வள்ளுவர் கூறும் மக்கட்பண்புடைமையோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது. இறுதியில் அவன் சாவியைத் தர மறுத்துப் பதவியைத் துறக்கிறான். இப்படம் பெற்ற ஐந்து ஆஸ்கர் விருதுகளுள் தயாரிப்பு, இயக்கம், திரைக்கதை ஆகிய மூன்றும் வைல்டருக்குரியவை.

முடிவுரை

வைல்டரின் கடைசிப் படம் 1981இல் வெளிவந்தது. அதன்பின் ஷிண்ட்லர் கதையைப் படமாக்க அவர் விரும்பினார். தம் குடும்பத்தார்க்கு நினைவுச்சின்னமாக அதனைக் கருதினார். அக்கதை ஸ்பீல்பெர்க் இயக்கத்தில் 1993இல் படமாயிற்று. தாயின் மறைவைத் தம் கதைப்படம் எதிலும் அவர் நேராகக் கூறவில்லை.

இளிவு கரப்பான் பூச்சிக் காட்சியாகவும், வறுமை அரைச்சீட்டாகவும், அசைவு பெண்வேடமாகவும் அவர் எழுத்தில் நகையாயின. இழவு மட்டும் முழுமையாக நகையாகவில்லை. இழப்புக்குக் காரணமானோரை எள்ள அவரால் முடிந்தது. இழந்தோரை நகைப்பொருளாக்க அவர் முற்படவில்லை. இவ்வரையறையே அவருடைய நகைச்சுவைக்கு அறமாக அமைந்தது எனலாம்.