விண்டோஸ் 10 சப்போர்ட் முடிந்தது: பழைய கம்ப்யூட்டரை தூக்கிப் போடணுமா? என்ன செய்யலாம்? முழு விவரம்

உங்கள் வீட்டு லேப்டாப்பிலோ, கடை பில்லிங் கம்ப்யூட்டரிலோ "விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் முடிந்துவிட்டது" என்று ஓர் அறிவிப்பு வந்ததா? அதை மூடிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டீர்களா?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015 ஜூலை 29-ஆம் தேதி வெளியிட்ட விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, பிரவுசர் திறக்கிறது, பிரிண்ட் வருகிறது. "எல்லாம் நல்லாத்தானே ஓடுது, அப்புறம் என்ன?" என்று தோன்றுவது இயல்புதான்.

சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அது என்ன, உங்களுக்கு முன்னால் இருக்கும் வழிகள் என்ன, எது யாருக்கு ஏற்றது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சப்போர்ட் முடிந்தால் என்ன ஆகும்?

கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஃபைல்கள் அழியாது. நின்றுபோவது, மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்டுகள்.

எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டையை அடைப்பதுதான் அப்டேட்டின் வேலை. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொதுவான பகுதிகள் நிறைய உண்டு. அதனால், விண்டோஸ் 11-இல் எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்று பார்த்தாலே, அப்டேட் வராத விண்டோஸ் 10-இல் எங்கே தட்டலாம் என்று ஹேக்கர்களுக்கு ஒரு துப்பு கிடைத்துவிடும். நாள் ஆக ஆக ஆபத்து கூடுவது இதனால்தான்.

"ஆன்டிவைரஸ் இருக்கே, போதாதா?" என்று கேட்கலாம். விண்டோஸ் 10-இல் உள்ள டிஃபெண்டருக்கு, புதிய வைரஸ்களை அடையாளம் காணும் தகவல்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் கூறியிருக்கிறது. ஆனால் ஆன்டிவைரஸ் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. சுவரில் ஓட்டை இருந்தால் அதை அவரால் அடைக்க முடியாது.

2017-இல் நடந்தது என்ன?

2017 மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயினாகக் கேட்டது. சுமார் 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையான என்.எச்.எஸ். மருத்துவமனைகளில் நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட்டுகளை ரத்து செய்ய வேண்டிய நிலை வந்தது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அந்த ஓட்டைக்கான அப்டேட் 2 மாதங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை, அப்போது சப்போர்ட்டில் இருந்தும் அந்த அப்டேட்டைப் போடாத விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். இரண்டாவது, 2014-லேயே சப்போர்ட் முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பி-க்கு மார்ச் மாதம் அந்த அப்டேட் பொதுவாகக் கிடைக்கவில்லை. தாக்குதல் பரவிய பிறகுதான் அவசர அப்டேட் வெளியானது.

ஆக, அப்டேட் வருவதும் முக்கியம், வந்ததைப் போடுவதும் முக்கியம்.

முதல் வேலை: பேக்கப்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் செய்ய வேண்டியது இது. போட்டோ, பத்திரங்களின் ஸ்கேன், கணக்கு ஃபைல்கள் எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். காப்பி எடுத்தபின் இரண்டு மூன்று ஃபைல்களைத் திறந்து பாருங்கள். பிறகு ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருந்தால், ரான்சம்வேர் வரும்போது பேக்கப்பும் சேர்ந்தே பூட்டப்படும்.

டேலி போன்ற கணக்கு சாஃப்ட்வேர் பயன்படுத்துபவர்கள், டெஸ்க்டாப்பில் உள்ள ஐகானை காப்பி எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை எடுக்க வேண்டும்.

வழி 1: விண்டோஸ் 11-க்கு மாறுவது

ஒரிஜினல் விண்டோஸ் 10 இருந்து, கம்ப்யூட்டரும் தகுதியானதாக இருந்தால், விண்டோஸ் 11-க்கு இலவசமாக மாறலாம். இதற்குப் பணம் கேட்டால் அது டெக்னீஷியனின் சர்வீஸ் கூலிதான். விண்டோஸுக்கான விலை அல்ல.

தேவையானவை இவை: குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் உள்ள ப்ராசசர். இன்டெல் கோர் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வந்தது.

தலைமுறையைக் கண்டுபிடிப்பது எப்படி? செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் பக்கத்தைத் திறங்கள். ப்ராசசர் பெயரில் ஐ3, ஐ5, ஐ7 என்பதற்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். 7200 என்று இருந்தால் 7-ஆம் தலைமுறை. 8250 என்றால் 8-ஆம் தலைமுறை. 10210 என்றால் 10-ஆம் தலைமுறை. இதையெல்லாம் நீங்களே பார்க்க வேண்டாம் என்றால், மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச ஆப்பே சோதித்துச் சொல்லிவிடும்.

"டிபிஎம் இல்லை" என்று வந்தால் உடனே கைவிட வேண்டாம். பல கம்ப்யூட்டர்களில் அது இருக்கும், ஆனால் பயாஸில் ஆஃப் செய்யப்பட்டிருக்கும். இன்டெல் போர்டுகளில் பிடிடி என்ற பெயரில் இருக்கும். பயாஸ் பழக்கம் இல்லாதவர்கள் தாமே மாற்றிப் பார்க்காமல், பேக்கப் எடுத்தபின் தெரிந்தவர்களிடம் கொடுப்பது நல்லது.

தகுதி இல்லாத கம்ப்யூட்டரிலும் "போட்டுத் தர்றோம்" என்று சில கடைகளில் சொல்வார்கள். போட முடியும். ஆனால் அப்படிப் போட்டால் அப்டேட் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்?

வழி 2: கூடுதல் அவகாசம் வாங்குவது

தகுதி இல்லாத கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த திட்டம்தான் ஈஎஸ்யூ, அதாவது நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட். வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை இந்த அவகாசம் அறிவிக்கப்பட்டது.

இதில் சேர மூன்று வழிகள்:

• விண்டோஸ் பேக்கப் மூலம் கம்ப்யூட்டர் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு சிங்க் செய்தால் இலவசம்.
• 1000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் பாயின்ட் கொடுத்துச் சேரலாம்.
• 30 டாலர், அல்லது அதற்கு இணையான உள்ளூர்ப் பணமும் வரியும் ஒருமுறை கட்டிச் சேரலாம்.

எந்த வழியில் போனாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் கட்டாயம். விண்டோஸ் 10-இன் கடைசி பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். செட்டிங்ஸில் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்துக்குப் போனால் சேருவதற்கான லிங்க் தெரியும். ஒரே அக்கவுன்ட்டில் 10 கம்ப்யூட்டர் வரை சேர்க்கலாம்.

பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான் வரும். புதிய வசதிகளோ, கோளாறு வந்தால் உதவியோ கிடைக்காது. அலுவலகங்களுக்கு இது தனித் திட்டம்: முதல் ஆண்டுக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் கட்டணம் இரட்டிப்பாகும், அதிகபட்சம் 3 ஆண்டுகள்.

இது நிரந்தரத் தீர்வு இல்லை. அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கவும், பணம் சேர்க்கவும் கிடைக்கும் நேரம், அவ்வளவுதான்.

வழி 3: லினக்ஸ்

பழைய லேப்டாப்புக்குப் புதிய உயிர் தரும் வழி இது. லினக்ஸ் மின்ட், உபுண்டு இரண்டும் இலவசம், அப்டேட்டும் தொடர்ந்து வரும். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. அரசின் விலையில்லா லேப்டாப்பில் பார்த்த 'பாஸ்' என்பது, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ்தான்.

இன்ஸ்டால் செய்யாமலேயே முயற்சி செய்து பார்க்கலாம் என்பது இதன் பெரிய வசதி. 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓடவிடலாம். வைஃபை வேலை செய்கிறதா, பிரிண்டர் வருகிறதா, சவுண்டு கேட்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். பிரவுசர், யூடியூப், ஆன்லைன் வகுப்பு எல்லாம் ஓடும். ஆபீஸ் வேலைக்கு லிப்ரேஆபீஸ் இருக்கிறது. தமிழ்99 கீபோர்டிலும் டைப் செய்யலாம்.

யாருக்கு ஒத்துவராது? டேலி, போட்டோஷாப், பேஜ்மேக்கர் போன்ற விண்டோஸ் சாஃப்ட்வேர்களை நம்பி வேலை செய்பவர்களுக்கு. ஜிஎஸ்டி, வருமான வரி வேலைக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் பயன்படுத்துபவர்கள், அது லினக்ஸில் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் மாறக் கூடாது.

வழி 4: வேறு கம்ப்யூட்டர் வாங்குவது

புதிதுதான் வாங்க வேண்டும் என்றில்லை. செகண்ட் ஹேண்ட் வாங்குவதாக இருந்தால், சென்னை ரிச்சி தெருவோ உங்கள் ஊர்க் கடையோ, பணம் கொடுக்கும் முன் ப்ராசசர் தலைமுறையைப் பாருங்கள். எஸ்எஸ்டி போட்டு, ரேம் ஏற்றி வேகமாக ஓடினாலும், 6-ஆம் தலைமுறை 6-ஆம் தலைமுறைதான். "விண்டோஸ் 11 போட்டிருக்கு" என்று சொன்னாலும், தகுதியோடு போட்டதா, வளைத்துப் போட்டதா என்று ஹெல்த் செக் ஆப்பில் சரிபாருங்கள்.

பழையதை விற்கும் முன், 'ரீசெட் திஸ் பிசி' போய், எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுத்து, டிரைவைச் சுத்தம் செய்யும் ஆப்ஷனையும் ஆன் செய்யுங்கள். ஃபைலை டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால் மட்டும் போதாது. அவற்றைத் திரும்ப எடுத்துவிடலாம்.

எதுவும் இப்போ முடியாது என்றால்?

கையில் காசு இல்லை, கடை பில்லிங்கை நிறுத்தவும் முடியாது என்ற நிலையில் பலர் இருக்கலாம். அவர்கள் குறைந்தபட்சம் இதையாவது செய்யுங்கள்:

• பில்லிங்குக்கு இன்டர்நெட் தேவையில்லை என்றால் நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள், வைஃபையை ஆஃப் செய்யுங்கள்.
• அந்தக் கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங், ஆன்லைன் பேமென்ட் வேண்டாம். அப்டேட் வரும் மொபைலில் செய்யுங்கள்.
• வெளியாட்களின் பென்டிரைவைச் செருகாதீர்கள். நெட் இல்லாத கம்ப்யூட்டருக்கு வைரஸ் வரும் முக்கிய வாசல் அதுதான்.
• பிரவுசரை அப்டேட்டிலேயே வைத்திருங்கள். ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் சப்போர்ட் அதே 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.
• கிராக் செய்த விண்டோஸ், ஆக்டிவேட்டர் பக்கம் போகாதீர்கள். பூட்டை உடைக்க வந்தவரிடமே சாவியைக் கொடுப்பது போலத்தான் அது.

போலி போன் கால், உஷார்!

"மைக்ரோசாஃப்டிலிருந்து பேசறோம், உங்க விண்டோஸ் எக்ஸ்பயர் ஆயிடுச்சு, இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க" என்று யாராவது போன் செய்தால், பேச்சை வளர்க்காமல் கட் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் தானாக யாரையும் கூப்பிட்டு கம்ப்யூட்டரைச் சரிசெய்து தருவதில்லை. உங்கள் ஸ்கிரீனை அவர்கள் பார்க்கும் ஆப்பை இன்ஸ்டால் செய்துவிட்டால், நீங்கள் திறக்கும் பேங்க் பக்கத்தையும் பார்ப்பார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் புகார் செய்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

சுருக்கமாக, யாருக்கு எது?

8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல்: பேக்கப் எடுத்து விண்டோஸ் 11-க்கு மாறுங்கள்.

பழைய கம்ப்யூட்டர், பிரவுசர் வேலை மட்டும்: லினக்ஸைப் பென்டிரைவில் முயற்சி செய்யுங்கள்.

பழைய கம்ப்யூட்டர், டேலி போன்ற சாஃப்ட்வேர் தேவை: ஈஎஸ்யூ-வில் சேர்ந்து, அந்த அவகாசம் முடிவதற்குள் வேறு கம்ப்யூட்டருக்குத் திட்டமிடுங்கள்.

இன்டர்நெட் தேவையே இல்லாத கம்ப்யூட்டர்: நெட்டைத் துண்டித்து, வாராவாரம் பேக்கப் எடுத்துப் பயன்படுத்துங்கள்.

எந்த முடிவும் எடுக்காமல் அதே கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங்கைத் தொடர்வதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வழி. பேக்கப் எடுக்க ஒரு மணி நேரம் போதும். அதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.