பிரிவி கவுன்சில் தீர்ப்பும் வக்ஃபுச் சட்டமும்: நம் முன்னோர் கண்ட வழி

 

 ஒரு நீதிமன்றம் நமக்குப் பாதகமாகத் தீர்ப்பளிக்கும்போது என்ன செய்ய வேண்டும்? இக்கேள்வி நம் முன்னோருக்கும் எழுந்தது. அவர்கள் நடந்துகொண்ட முறையை இவ்வாண்டு மலரில் நினைவுகூர்வது பொருத்தமென்று கருதுகிறோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நாட்டு வழக்குகளுக்கு இறுதி முறையீட்டு மன்றம் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். நம் ஆரணியின் பெரிய சொத்து வழக்கானாலும் கடைசி வார்த்தை கடல் கடந்தே வரவேண்டும். வங்காளத்தைச் சேர்ந்த இரு சகோதரர்கள் தம் சொத்தைச் சந்ததியினர் வழிவழியாக அனுபவிக்கவும், சந்ததி அற்றுப்போனால் ஏழைகளுக்குச் சேரவும் வக்ஃபு செய்திருந்தனர். இதற்கு ‘வக்ஃபு அலல் அவ்லாத்’ என்று பெயர். 1894-இல் பிரிவி கவுன்சில் இந்த வக்ஃபு செல்லாதென்று தீர்ப்பளித்தது. ஏழைகளுக்குரிய பங்கு என்றோ ஒரு நாள் வரக்கூடிய வெறும் பெயரளவானது. ஆகவே இது தர்மமன்று என்பது நீதிபதிகளின் கருத்து.

தர்மம் என்பதற்கு ஆங்கிலச் சட்டம் கொண்ட பொருள் வேறு. மார்க்கம் கொண்ட பொருள் வேறு. உறவினருக்குக் கொடுப்பதும் நம்மிடம் ஸதகாவே. ஹழ்ரத் உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் கைபர் நிலத்தை வக்ஃபு செய்தபோது, ஏழைகளோடு உறவினரையும் பயனடைவோரில் சேர்த்தார்கள். அந்நாளில் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த சையித் அமீர் அலீ இத்தகைய வக்ஃபு செல்லும் என்றே கருதினார். எனினும் மேல்மன்றத்தின் சொல்லே நின்றது.

இங்கே ஒன்றை மறைக்கலாகாது. கடன்காரரிடமிருந்து தப்பவும், பெண்மக்களின் பங்கைத் தடுக்கவும் வக்ஃபின் பெயரைப் பயன்படுத்தியோரும் இருந்தனர். அத்தகையோரின் செயல் உண்மையான வக்ஃபின் மீதும் ஐயத்தை விளைவித்தது.

தீர்ப்பு வந்தபின் நம் முன்னோர் சோர்ந்துவிடவில்லை, சட்டத்தை மீறவுமில்லை. மௌலானா ஷிப்லி நுஃமானி உலமாக்களின் கருத்துகளைத் திரட்டினார். 1911-இல் முஹம்மது அலீ ஜின்னா சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1913-இல் முஸல்மான் வக்ஃபு செல்லுபடிச் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன் செய்யப்பட்ட வக்ஃபுகளுக்கும் அச்சட்டம் பொருந்துமென்று தெளிவாக்க 1930-இல் மற்றொரு சட்டம் தேவைப்பட்டது. ஆக, ஒரு தீர்ப்பின் விளைவைச் சீர்செய்ய முப்பத்தாறு ஆண்டுகள் சென்றன.

இதற்கிடையில் 1909-இல் சையித் அமீர் அலீ அதே பிரிவி கவுன்சிலில் அமர்ந்த முதல் இந்தியரானார். 1921-இல், சென்னை மாகாணத்திலிருந்து சென்ற ஒரு மடத்துச் சொத்து வழக்கில், வக்ஃபுச் சொத்தின் உடைமை இறைவனைச் சேர்ந்தது. முத்தவல்லி அதன் மேலாளர் மட்டுமே என்று அவர் தீர்ப்பில் எழுதினார். நம் சட்டத்தைப் பிழையாக விளங்கிய அதே மன்றத்தின் ஏட்டிலேயே சரியான விளக்கமும் பதிவாயிற்று. மன்றத்தைப் புறக்கணித்திருந்தால் இது கிட்டியிருக்குமா?

லண்டனுக்குச் செல்லும் முறையீடு 1949-இல் முடிவுற்றது. 1950 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம் பணி தொடங்கியது. 2025-இல் வந்த வக்ஃபுத் திருத்தச் சட்டத்தை எதிர்த்த வழக்குகளில், அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. சில பிரிவுகளை நிறுத்திவைத்தது. சட்டம் முழுவதையும் நிறுத்த மறுத்தது. அந்த ஆணையில் நமக்கு உவப்பான பகுதியை மட்டும் படித்து மகிழ்வதும், உவப்பில்லாத பகுதியைக் கண்டு மன்றத்தையே ஏசுவதும் அறிவுடைமையாகா.

தறியில் இழை அறுந்தால் நாம் தறியை உடைப்பதில்லை. அறுந்த இடத்தைத் தேடி முடிபோட்டு மேலே நெய்கிறோம். நீதிமன்றத்தின் பிழையும் அவ்வாறே, ஆதாரத்தாலும் மறுமுறையீட்டாலும் சட்டத்தாலும் திருத்தப்பட வேண்டியது.

நீதிமன்றம் காகிதத்தைக் கேட்கும், கண்ணீரைக் கேளாது. கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைக்கும்படி ஸூரத்துல் பகராவில் நமக்குக் கட்டளையும் உண்டு. ஆகவே ஜமாஅத்தார்கள் தம் வீடுகளில் உள்ள பழைய வக்ஃபுப் பத்திரங்கள், பட்டா, வரி ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களைக் கமிட்டியிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இம்மலரில் உள்ள வரவு செலவுக் கணக்கையும் ஒவ்வொருவரும் படித்து, ஐயமிருப்பின் கேளுங்கள். நம் கணக்கு நேராக இருந்தால் எந்த மன்றத்திலும் நாம் தலைநிமிர்ந்து நிற்கலாம். நாளை மறுமையில் நிற்கவேண்டிய மன்றமோ அனைத்திலும் பெரியது.

வல்ல அல்லாஹ் நம் வக்ஃபுகளையும் நம் எண்ணங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.