பலரினா (நிரலாக்க மொழி)

பலரினா இலங்கையில் உருவான திறந்த மூல நிரலாக்க மொழி. வலையமைப்பில் பரந்து கிடக்கும் சேவைகளை ஒருங்கிணைத்து இயக்கும் மென்பொருள்களுக்காக, சஞ்சீவ வீரவரண உள்ளிட்டோர் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் இதை வடிவமைத்தது.

கோட்பாட்டுப் பின்னணி

அலன் டியூரிங் 1936இல் முன்வைத்த பொறி, உள்ளீட்டைப் பெற்றுத் தனியே கணித்து விடை தரும். எதைக் கணிக்க முடியும், எதை முடியாது என்று வரையறுக்க அது போதும். கண்டியில் பெரஹெரா திருவிழா நாட்களுக்கு விடுதி அறை பதியும் செயலிக்கு அது போதாது. விடுதியின் தரவுத்தளம், வங்கி, குறுஞ்செய்திச் சேவை எல்லாவற்றுடனும் அச்செயலி செய்தி பரிமாறவேண்டும். வங்கி பதில் தராவிட்டால் என்ன செய்வது என்பதையும் அறிந்திருக்கவேண்டும்.

இவ்வகை இடைவினைக்கென வேறு மாதிரிகள் எழுந்தன. கார்ல் ஆடம் பெட்ரியின் வலைகள் 1962இலும், டோனி ஹோரின் தொடர்பாடும் செயன்முறைகள் 1978இலும் வெளிவந்தன. பின்னர் ராபின் மில்னர் முதலியோர் பை-கலனத்தை உருவாக்கினர்.

நடைமுறைக்கு வருதல்

ஐபிஎம்மின் வரைபடவழி மொழியும், பை-கலனத்தின் சாயல் கொண்ட மைக்ரோசாப்டின் எக்ஸ்லாங்கும் 2002இல் பிபெல் என்னும் ஒரே மொழியாக இணைந்தன. அதன் விவரக்குறிப்பை எழுதியோரில் அப்போது ஐபிஎம்மில் இருந்த வீரவரணவும் ஒருவர். ஆனால் பிபெல் எக்ஸ்எம்எல்லில் எழுதப்பட்டது. சிறு தர்க்கத்துக்கும் நீண்ட குறிச்சொற்கள் வேண்டியிருந்தன. பொதுவான நிரல் வேலைகளுக்கு வேறு மொழியை நாடவேண்டியிருந்தது.

வடிவமைப்பு

2017இல் அறிவிக்கப்பட்ட பலரினா, இடைவினையையும் பொதுவான நிரலாக்கத்தையும் ஒரே மொழியில் சேர்த்தது. பொறியியலாளர்கள் வெள்ளைப்பலகையில் வரையும் தொடர்வரிசை வரைபடமே அதன் அடிப்படை. ஒரு செயற்கூற்றினுள் ஒருங்கே இயங்கும், பணியாளர்கள் எனப்படும் நிரல் பகுதிகள் அம்புக்குறி வழியாகச் செய்தி அனுப்பிப் பெறுகின்றன. அனுப்புதலும் பெறுதலும் பொருந்துகின்றனவா என்பதைத் தொகுப்பான் நிரல் ஓடுமுன்பே சோதிக்கும். வெளிச்சேவையை அழைக்கும் இடங்களுக்குத் தனிக் குறியீடு உண்டு. எனவே வலையமைப்பில் தடுமாற்றம் நேரக்கூடிய இடங்கள் நிரலிலேயே புலப்படும். மொழி விவரக்குறிப்பின் வடிவமைப்பில் ஜேம்ஸ் கிளார்க் முக்கிய பங்காற்றினார். 1.0 பதிப்பு 2019 செப்டெம்பரிலும், சுவான் லேக் பதிப்பு 2022இலும் வெளியாகின.

மதிப்பீடு

பலரினாவால் கணிக்கக்கூடியவை ஜாவாவாலும் கணிக்கக்கூடியவையே. டியூரிங் வகுத்த எல்லை மாறவில்லை. நிரலர் நேரடியாகச் சொல்லக்கூடியதும், தொகுப்பான் முன்கூட்டியே பிடிக்கக்கூடிய பிழைகளுமே மாறின. அந்தச் சோதனையும் ஒரு நிரலுக்குள் இயங்கும் பணியாளர்களுக்கே செல்லும். வங்கியின் சேவை முடங்கினால் அதைக் கையாளும் பொறுப்பு நிரலரிடமே இருக்கிறது.